19 நிமிஷம்: அப்பாவின் கிட்னியும் மூணு மீட்டர் தள்ளி உட்கார்ந்த டாக்டரும்



போன எபிசோடில் ரோபோ அறுவை சிகிச்சை பற்றிப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகளில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அம்மாவுக்கு டாக்டர் ரோபோ சொல்றார். காசு ஜாஸ்தி. பண்ணலாமா?" துபாயிலிருந்து ஒண்ணு, தம்மாமிலிருந்து ஒண்ணு, டொராண்டோவிலிருந்து ரெண்டு. மைக் முன்னாடி உட்கார்ந்து ஆமாம், இல்லைன்னு ஒரு வார்த்தையில் சொல்லிட்டுப் போகிற விஷயம் இல்ல இது. அதனால இந்த வார மடல் கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. ஜுபைலில் வளர்ந்து, திருச்சியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சு, மறுபடி ஜுபைலுக்கே வேலைக்கு வந்தவள். ஆனா போன வருஷம் எங்க வீட்டில் இதே கேள்வி வந்தது. மூணு வாரம் அதைத் தவிர வேற எதுவும் நாங்க பேசல. அதில் நான் பிடிச்சுக்கிட்ட ஒரே நூல் இதுதான்: "ரோபோ நல்லதா?"ன்னு கேட்டா பதில் கிடைக்காது. "ரோபோ இல்லைன்னா இவருக்கு என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னு கேட்கணும். நோயாளிக்கு வர்ற லாபம் முழுக்க அந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இருக்கு. சில ஆபரேஷனில் அந்த இடைவெளி பெரிசு. சிலதில் இல்லவே இல்ல.

நம்ம பக்கத்திலேயே நடந்த ஒரு உதாரணத்தில் தொடங்கறேன். 2024 செப்டம்பரில் ரியாத்தின் கிங் பைசல் ஸ்பெஷலிஸ்ட் மருத்துவமனை ஒரு செய்தி வெளியிட்டது. 16 வயசுப் பையன், இதயம் கடைசிக் கட்டத்தில் செயலிழந்து போயிருந்தது. மாற்று இதயம் வைக்கணும். வழக்கமா இதுக்கு நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, விலாக்கூட்டை ரெண்டு பக்கமும் விரிப்பாங்க. டாக்டர் பெராஸ் கலீல் தலைமையிலான குழு அப்படிச் செய்யாமல், ரோபோக் கைகளை வைத்தே புது இதயத்தைப் பொருத்தியது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதற்கு முன்னால் மூணு நாளில் ஏழு முறை கணினியில் ஒத்திகை பார்த்திருக்காங்க. முழுக்க ரோபோவில் செய்த உலகின் முதல் இதய மாற்று என்று மருத்துவமனை அறிவித்தது. அதே மருத்துவமனைதான் 2023-இல் முழுக்க ரோபோவிலேயே கல்லீரல் மாற்றும் செய்தது.

ஜுபைலிலிருந்து ரியாத் ஏறக்குறைய அஞ்சு மணி நேரக் கார் பயணம். இந்த ஊர் வெறும் பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டும் ஃப்ளேரும் மட்டும்தான்னு நினைக்கிற நம்ம கசின்களுக்கு இதைச் சொல்லி வைங்க.

அந்தப் பையனுக்கு இடைவெளி எவ்வளவு பெரிசுன்னு பாருங்க. அறுத்த நெஞ்செலும்பு ஒட்டிச் சேர வாரக் கணக்கு, மாசக் கணக்கு ஆகும். அந்த ஒரு வேலையே அவன் உடம்புக்கு இல்லாமல் போச்சு.

"ரோபோ"ங்கிற பேரே கொஞ்சம் ஏமாத்து வேலை

தானா முடிவெடுத்துத் தானா வெட்டுற மெஷின் இல்ல இது. ஆபரேஷன் தியேட்டரின் ஒரு மூலையில் டாக்டர் ஒரு கன்சோலில் உட்கார்ந்து, ரெண்டு கண்ணையும் வியூவரில் வைச்சிருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு கைகளோடு ஒரு வண்டி. டாக்டர் விரலை அசைச்சா அங்கே முனை அசையும். அவர் அசைக்கலைன்னா அதுவும் அசையாது.

இந்தக் கருத்து மருத்துவத்திலிருந்து வரல. கதிரியக்கப் பொருளைக் கையால தொட முடியாதுன்னு 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர் செய்த கருவிதான் மூலம். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடிக் கை, அந்தப் பக்கம் அதையே அப்படியே செய்யும் இன்னொரு ஜோடி. நம்ம கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுக்கூடங்களிலும் இதே மாதிரிக் கைகளால்தான் எரிபொருளைக் கையாளுறாங்க. அறுவை சிகிச்சைக்கு இதைக் கொண்டு வந்தது அமெரிக்க ராணுவப் பணம். போர்க்களத்தில் சிப்பாய், தூரத்தில் டாக்டர் என்பது அவங்க கனவு. 2001 செப்டம்பர் 7-ஆம் தேதி ழாக் மாரெஸ்கோ என்ற பிரெஞ்சு சர்ஜன் நியூயார்க்கில் உட்கார்ந்து, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த ஒரு அம்மாவின் பித்தப்பையை எடுத்தார். சிக்னல் போய் வர 155 மில்லிசெகண்ட். நாலு நாள் கழிச்சு நியூயார்க்கில் என்ன நடந்ததுன்னு உங்களுக்கே தெரியும். இந்தச் செய்தி அதில் அமுங்கிப் போச்சு.

ஆனா இன்னைக்கு நடக்கிற ரோபோ ஆபரேஷனில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அறைக்குள்ளதான். டாக்டர் மூணு மீட்டர் தள்ளி இருப்பார், அவ்வளவுதான். கன்சோலின் மதிப்பு தூரத்தில் இல்ல, மணிக்கட்டில் இருக்கு.

அதைப் புரிஞ்சுக்க ஒரு படி பின்னாடி போகணும். சின்னத் துளை போட்டு கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி ரோபோவுக்கு முன்னாலேயே வந்தாச்சு. ஜெர்மனியில் குர்ட் செம் 1980-இல் அப்படிக் குடல்வாலை எடுத்தபோது சக டாக்டர்களே அவரைத் திட்டினாங்க. நம்ம ஊரில் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு உணவுக்குழாய், கணையம் மாதிரி சிக்கலான இடங்களுக்கே அதைக் கொண்டு போனவர். எங்க பிளான்ட் பாஷையில் சொன்னா இது போரோஸ்கோப். டர்பைனைப் பிரிக்காமல் ஒரு ஓட்டை வழியா உள்ளே பார்க்கிறது. மூடியைக் கழட்டினா பத்து நாள் ஷட்டவுன். ஓட்டை வழியா முடிச்சா ரெண்டு நாள். நோயாளிக்கும் அதே கணக்குதான்: வலி குறைவு, ரத்த இழப்பு குறைவு, காயத்தில் சீழ் பிடிக்கிறது குறைவு, சீக்கிரம் வீடு.

இந்த லாபங்கள் எல்லாம் சின்னத் துளையோட லாபங்கள். ரோபோவோட சொத்து இல்ல. விளம்பர போர்டுகளில் இதை எல்லாம் ரோபோ கணக்கில் எழுதிடுவாங்க. அங்கேதான் நம்ம வீட்டு ஆட்கள் குழம்புறாங்க.

அப்போ ரோபோ என்ன கூடுதலா தருது? சாதா லேப்ராஸ்கோபிக் கருவி நீளமான நேர்க்கம்பி. கை இடப்பக்கம் போனா முனை வலப்பக்கம் போகும். வெட்டலாம், பிடிக்கலாம். ஆனா உள்ளே ஊசியைத் திருப்பித் தையல் போடறது பெரிய வித்தை. அதை நல்லாப் பண்றவங்க இருக்காங்க, ஆனா குறைவு. ரோபோவில் கம்பியோட முனையிலேயே ஒரு குட்டி மணிக்கட்டு இருக்கு. எந்தப் பக்கமும் வளையும். கை நடுக்கத்தை வடிகட்டிடும். டாக்டர் கை மூணு சென்டிமீட்டர் போனா முனை ஒரு சென்டிமீட்டர் மட்டும் போகிற மாதிரி வைச்சுக்கலாம். படம் முப்பரிமாணத்தில், பத்து மடங்கு பெரிசா. மொத்தத்தில், இடுக்கில் நல்லாத் தையல் போடத் தெரிஞ்சவங்க எண்ணிக்கையை அது கூட்டுது.

அதனாலதான் ரோபோ முதலில் வேரூன்றினது இடுப்பெலும்புக்குள்ளே ஆழத்தில் ஒளிஞ்சிருக்கும் புராஸ்டேட்டில். டா வின்சி மெஷினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது 2000-இல். அடுத்த சில வருஷங்களில் டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையில் புராஸ்டேட் ஆபரேஷனை ரோபோவில் அன்றாட வேலையா மாத்திக் காட்டினவர் மணி மேனன். திருச்சூர்க்காரர், படிச்சது நம்ம புதுச்சேரி ஜிப்மரில்.

கல் தேடப் போய்க் கட்டி கிடைச்சது

அப்பாவுக்கு 57 வயசு. இங்கே ஒரு பிளான்ட்டில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். சாப்பிட்டதும் வயித்தைப் பிடிக்குதுன்னு பித்தப்பைக் கல் இருக்கான்னு ஸ்கேன் எடுத்தாங்க. பித்தப்பை சுத்தமா இருந்தது. வலது கிட்னியின் நடுப்பக்கம் 3.5 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. சி.டி. எடுத்துப் பார்த்ததில் புற்றுநோயா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா வெளியே பரவலன்னு தெரிஞ்சது.

முதலில் பார்த்த இடத்தில் அஞ்சே நிமிஷத்தில் முடிவு சொன்னாங்க. "கிட்னியை முழுசா எடுத்துடலாம். லேப்ராஸ்கோபிதான், மூணு துளை. அடுத்த வாரமே டேட் இருக்கு." அப்பா சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டார். ஒரு கிட்னியிலேயே எத்தனையோ பேர் நல்லா இருக்காங்கன்னு அவருக்கு யாரோ சொல்லியிருந்தாங்க. அதுவும் உண்மைதான்.

எனக்குத்தான் மனசு ஒப்பல. கட்டி 4 சென்டிமீட்டருக்குள்ளே இருந்தா, முடிஞ்ச வரை கட்டியை மட்டும் எடுத்துக் கிட்னியைக் காப்பாத்தணும்னுதான் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்லுது. அப்பாவுக்கு பிரஷர் வேற இருக்கு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12-லிருந்து 3 வரை வெளியில் வேலை வாங்கக் கூடாதுன்னு சவுதியில் சட்டமே இருக்கிற வெயில் இது. மீதி நேரம் அவர் வெளியில் டிரான்ஸ்மிட்டர் முன்னாடிதான் நிற்பார். இன்னும் முப்பது வருஷம் வாழப் போற மனுஷனுக்கு ரெண்டாவது கிட்னி ஸ்பேர் பார்ட் இல்ல.

ரெண்டாவது கருத்துக்கு வேறொரு இடம் போனோம். அவங்க கிட்னியைக் காப்பாத்தலாம்னு சொன்னாங்க, ஆனா விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் நீளமா கிழிச்சுத்தான். எங்க காலனியில் ஒரு மாமாவுக்குப் பல வருஷம் முன்னாடி அப்படிப் பண்ணினாங்க. கிட்னி பிழைச்சது. ஆனா வெட்டின பக்கத்துத் தசை தளர்ந்து இன்னைக்கும் ஒரு பக்கம் வயிறு துருத்திக்கிட்டு இருக்கும். மூணு மாசம் வேலைக்குப் போகல. கல்ஃபில் மூணு மாசம் வேலைக்குப் போகலைன்னா என்ன அர்த்தம்னு உங்க வீட்டில் கேளுங்க. சம்பளம், இக்காமா, பசங்க ஃபீஸ் எல்லாம் ஒரே கயித்தில் கட்டியிருக்கு.

மூணாவதா, கிழக்கு மாகாணத்திலேயே ரோபோ இருக்கிற ஒரு மருத்துவமனை. எகிப்துக்கார டாக்டர். கிட்னியைக் காப்பாத்துவோம், துளை வழியாவே செய்வோம்னு சொன்னார்.

இப்போ அந்த இடைவெளிக் கேள்வியைப் போட்டுப் பாருங்க. அப்பாவுக்கு ரோபோ இல்லைன்னா கிடைச்சிருக்கிறது என்ன? ஒண்ணு, சின்னத் துளை ஆனா கிட்னி போயிடும். இல்லை, கிட்னி இருக்கும் ஆனா பெரிய வெட்டு. ரோபோ ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தது. தழும்பு அழகா இருக்கும்ங்கிற பேச்சே அங்கே வரல. லேப்ராஸ்கோபியிலேயே கிட்னியைக் காப்பாத்துற சர்ஜன்களும் இருக்காங்க. எங்களுக்கு எட்டின தூரத்தில் அந்த வாய்ப்பு கிடைக்கல.

ஏன் இந்த ஆபரேஷனில் மணிக்கட்டு அவ்வளவு முக்கியம்? கிட்னி ரத்தத்தில் ஊறின ஸ்பாஞ்ச். அப்படியே வெட்டினா கொட்டும். அதனால முதலில் அதுக்குப் போகிற ரத்தக் குழாயை ஒரு கிளிப்பால அடைச்சிடுவாங்க. அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். ரத்தம் இல்லாமல் கிட்னி காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அதுக்குச் சேதம். பொதுவா 25, 30 நிமிஷத்தைத் தாண்டாமல் பார்த்துக்குவாங்க. அதுக்குள்ளே கட்டியைச் சுத்தி வெட்டணும், அடியில் திறந்த குழாய்களைத் தைக்கணும், பள்ளத்தை இழுத்து மூடித் தைக்கணும், அப்புறம் கிளிப்பை எடுக்கணும். நேர்க்கம்பியில் அத்தனை தையல் போடறது ரொம்பச் சிலருக்குத்தான் கைவரும். ரோபோ வந்தப்புறம் இது நிறைய சர்ஜன்களுக்குச் சாத்தியமாச்சு.

அப்பாவோட கிட்னி ரத்தம் இல்லாமல் இருந்தது 19 நிமிஷம். டாக்டர் சொன்ன எண்களில் அவர் மனப்பாடமா வைச்சிருக்கிறது அது ஒண்ணுதான்.

"பவர் போச்சுன்னா?"

ஆபரேஷனுக்கு முந்தின சந்திப்பில் அப்பா ஒரு சின்ன நோட்டோடு வந்தார். முப்பது வருஷம் கன்ட்ரோல் வால்வு பார்த்தவர், சும்மா வருவாரா? தன்னோட இங்கிலீஷில் கேட்ட முதல் கேள்வி: "டாக்டர், பவர் ஃபெயிலியர் ஆனா உங்க மெஷின் ஃபெயில் ஓப்பனா, ஃபெயில் க்ளோஸா?"

எனக்குக் கூச்சமா இருந்தது. டாக்டர் சிரிச்சார், ஆனா உட்கார்ந்து பொறுமையா பதில் சொன்னார். கரண்ட் போனா பேட்டரி எடுத்துக்கும். கோளாறு வந்தா கைகள் இருந்த இடத்திலேயே உறைஞ்சு நிற்கும், தானா எங்கேயும் பாயாது. கட்டில் பக்கத்தில் ஒரு உதவி சர்ஜனும் நர்ஸும் எப்பவும் நிற்பாங்க, ஒரு சின்னச் சாவியால கருவியின் பிடியைக் கையாலேயே விடுவிக்கலாம். டாக்டர் வியூவரிலிருந்து தலையை எடுத்தாலே சென்சார் பார்த்து கைகளைப் பூட்டிடும். எல்லாம் கைமீறினா வயித்தைத் திறந்து முடிப்பாங்க, அதுக்கான தட்டு எப்பவும் தயாரா இருக்கும்.

அப்பாவுக்கு முகம் தெளிஞ்சது. "இன்டர்லாக் சரியா இருக்கு பாப்பா"ன்னு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அடுத்த கேள்வி நான் கேட்டேன். நீங்க இதே ஆபரேஷனை எத்தனை பண்ணியிருக்கீங்க, அதில் எத்தனை தடவை வயித்தைத் திறக்க வேண்டி வந்தது? டாக்டர் கோவிச்சுக்கல. ரெண்டு எண்ணையும் உடனே சொன்னார். சொல்லத் தயங்கியிருந்தா நாங்க எழுந்து வந்திருப்போம்.

இன்சூரன்ஸ்தான் உண்மையான சண்டை. கம்பெனி கொடுத்த பாலிசி கிட்னியை முழுசா எடுக்கிற லேப்ராஸ்கோபிக்கு ஒரே நாளில் அப்ரூவல் கொடுத்தது. ரோபோன்னதும் "அவசியமில்லாத கூடுதல் செலவு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கிட்னியை இழக்கிறது அவங்க கணக்கில் மலிவு. ஏன் ரோபோங்கிறதை விட்டுட்டு, ஏன் கிட்னியைக் காப்பாத்தணும்னு டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். பிரஷர், வயசு, கட்டியின் அளவு, இருக்கிற இடம். 11 நாள் கழிச்சு, ஒரு பகுதியை நாங்க கட்டணும்ங்கிற நிபந்தனையோடு வந்தது. உங்க வீட்டில் இதே நிலை வந்தா, கடிதத்தில் மெஷினைப் பத்திப் பேச வேண்டாம், உறுப்பைப் பத்திப் பேசச் சொல்லுங்க.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் காலையில் அப்பா நடந்தார். மூணாவது நாள் வீடு. நடுவில் ஒரு ராத்திரி வலது தோள்பட்டை கடுமையா வலிச்சது. ஹார்ட் அட்டாக்னு அம்மா அழவே ஆரம்பிச்சுட்டாங்க. இடம் கிடைக்கிறதுக்காக வயித்துக்குள்ளே கார்பன் டை ஆக்சைடு நிரப்புவாங்க, மிச்ச வாயு உதரவிதானத்தைச் சீண்டினா வலி தோள்பட்டையில் தெரியும்னு நர்ஸ் வந்து விளக்கினாங்க. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் உங்களுக்குச் சொல்லிட்டேன். அஞ்சாவது வாரம் அப்பா பெர்மிட் ஆபீஸில் உட்கார்ந்த வேலைக்குப் போனார்.

எங்கே இடைவெளி இல்ல

இதுவரைக்கும் படிச்சுட்டு ரோபோவுக்கு ஓட்டுப் போடலாம்னு நினைக்கிறவங்களுக்கு மறுபக்கம்.

பித்தப்பை. சாதா லேப்ராஸ்கோபியே இதை நல்லாச் செய்யுது. உள்ளே பெரிசா தையல் வேலையும் கிடையாது. அமெரிக்காவில் மெடிகேர் திட்டத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசின ஆய்வு ஒண்ணு 2023-இல் வந்தது. பித்தநாளத்தில் காயம் பட்டு அதைச் சரிசெய்ய வேண்டி வந்தது லேப்ராஸ்கோபியில் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7 சதவீதம். சின்ன எண்தான், ஆனா மூணு மடங்குக்கு மேல. பித்தநாளக் காயம்னா வாழ்நாள் தொல்லை. பதிவுகளைப் பின்னாடி திருப்பிப் பார்த்த ஆய்வுங்கிறதால காரணம் ரோபோதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கூடக் காசு கொடுத்து வாங்க அங்கே ஒண்ணும் இல்லங்கிறது தெளிவு. அப்பாவுக்கு முதலில் சந்தேகப்பட்ட மாதிரி கல்லாவே இருந்திருந்தா, ரோபோ வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

தொடை இடுக்கு ஹெர்னியா. 2020-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 102 பேரைக் குலுக்கல் முறையில் பிரிச்சுப் பார்த்தாங்க. வலியிலும் குணமாவதிலும் வித்தியாசமில்ல. ரோபோவுக்கு நேரமும் செலவும் கூட.

கருப்பை வாய்ப் புற்றுநோய்தான் எல்லாரையும் உலுக்கினது. ஆரம்ப நிலையில் கருப்பையைத் துளை வழியா எடுத்தவங்களையும் வயித்தைத் திறந்து எடுத்தவங்களையும் ஒப்பிட்ட பெரிய சோதனை 2018-இல் வந்தது. நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவங்க திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையில் 86 சதவீதம். துளை முறையில் பெரும்பாலும் லேப்ராஸ்கோபி, கொஞ்சம் ரோபோ. உள்ளே ஏதோ ஒரு கட்டத்தில் புற்றுச் செல்கள் சிந்தியிருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு எல்லாம் கிடைச்சும் உயிருக்கு நஷ்டம். அடுத்த வருஷமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புற்றுநோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ ரோபோவைப் பயன்படுத்துறதோட பாதுகாப்பும் பலனும் நிரூபிக்கப்படலன்னு எச்சரிக்கை விட்டது. நம்ம அம்மாக்கள் வயசில் வர்ற நோய் இது. யாராவது "பொட்டு மாதிரித் தழும்புதான்"னு சொன்னா இந்த ரெண்டு எண்ணையும் எடுத்து நீட்டுங்க.

நடுவில் மங்கலான இடமும் இருக்கு. ரோபோவோட சொந்த ஊரான புராஸ்டேட்டிலேயே, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் திறந்த முறையோடு குலுக்கலில் ஒப்பிட்டாங்க. ரத்த இழப்பு குறைஞ்சது, சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்திய வாழ்க்கையிலும் பெரிய வித்தியாசமில்ல. சிறுநீர்ப்பையையே எடுக்கிற ஆபரேஷனில் பிரிட்டன் 2022-இல் சோதிச்சது. முதல் 90 நாளில் மருத்துவமனைக்கு வெளியே உயிரோடு கழிச்ச நாட்கள் ரோபோவில் 82, திறந்த முறையில் 80. ரெண்டே நாள்தான்னு சிரிக்கலாம். ஆனா ரத்தக்கட்டியும் காயத் தொல்லையும் ரோபோ பக்கம் தெளிவா குறைஞ்சிருந்தது.

காசு விஷயம் ஒண்ணு, டெக் ஆட்களா இருக்கிறதால உங்களுக்கு உறைக்கும். மெஷின் விலை ஏறக்குறைய இருபது லட்சம் டாலர். அது ஒரு தடவை செலவு. கருவி முனைகளுக்குள்ளே சிப் இருக்கு. குறிப்பிட்ட தடவை பயன்படுத்தினதும் மெஷினே அதை ஏத்துக்காது, புதுசு வாங்கணும். ரொம்ப நாள் அந்தக் கணக்கு 10 தடவை. 2020 வாக்கில் சில கருவிகளுக்கு 12-லிருந்து 18 வரை ஏத்தினாங்க. பிரிண்டர் மலிவு, கார்ட்ரிட்ஜ்தான் கொள்ளைங்கிற அதே கதை, இங்கே பிரிண்டரும் மலிவு இல்ல. ஒரே கம்பெனி ராஜ்ஜியம் இப்போதான் கொஞ்சம் அசையுது. கேம்பிரிட்ஜிலிருந்து வெர்சியஸ், மெட்ரானிக்கின் ஹியூகோ, நம்ம குருகிராமில் டாக்டர் சுதிர் ஸ்ரீவாஸ்தவா தொடங்கின கம்பெனியின் மந்த்ரா.

"ஊருக்குப் போய்ப் பண்ணிக்கலாமா?" என்பது அடுத்த வாய்ஸ் நோட். போகலாம். தனியார் மட்டுமில்ல, சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ஏறத்தாழ 35 கோடி ரூபாயில் ரோபோ வந்தாச்சு. சட்டமன்றத்துக்காகக் கட்டின கட்டடம் அது. இப்போ அங்கே ரோபோ ஓடுது, எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். ஆனா கிளம்பும் முன்னாடி ரெண்டு விஷயம். ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாளில் விமானம் ஏறலாம்னு சர்ஜனிடம் எழுதி வாங்குங்க. பயாப்சி ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் இங்கிலீஷில் கையோடு கொண்டு வாங்க. அடுத்த அஞ்சு வருஷம் ஸ்கேன் பார்க்கப் போறது இங்கே உள்ள டாக்டர்.

அப்பாவுக்கு ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான். கட்டி முழுசா வந்திருக்கு, ஓரம் சுத்தம். மூணு மாசம் கழிச்சு எடுத்த கிரியாட்டினின் ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த அளவுக்கே ரொம்பப் பக்கத்தில் இருந்தது. ஆபரேஷன் வீடியோவைக் கேட்டு வாங்கி பென் டிரைவில் வைச்சிருக்கார். காலனி மாமாக்கள் வந்தா டிவியில் போடுறார். கிளிப் போடுற இடத்தில் நிறுத்திட்டு, "இங்கேதான் ஐசொலேஷன். இனிமே டைம் ஓடும், பாருங்க"ன்னு கமென்ட்ரி. அம்மா அந்த நேரம் மட்டும் கிச்சனுக்குப் போயிடுவாங்க.

அடுத்த வார எபிசோடில் முழங்கால் மாற்று ரோபோ. அது இதுக்கு நேர் எதிரான மெஷின். வயித்துக்குள்ளே நேரலையில் பார்த்துப் பண்றதுக்குப் பதிலா, முன்கூட்டியே போட்ட திட்டத்தின்படி எலும்பை அறுக்கும். உங்க வீட்டில் யாருக்காவது நடந்திருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. ரெண்டு நிமிஷத்துக்குள்ளே, ப்ளீஸ்.